கணக்கில் இன்னும் என்ன பாக்கி இருக்கிறது?

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் பந்திக்குக் காத்திருந்தபோது, பெரியப்பா முறை வேண்டிய ஒருவர் கேட்டார்: "தம்பி, கணக்கில் ஆராய்ச்சி நடக்குதுன்னு சொல்றாங்களே, அதில் இனிமே கண்டுபிடிக்க என்னப்பா பாக்கி இருக்கு?" அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பள்ளியில் அவர் பார்த்த ஒவ்வொரு கணக்குக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடை இருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. யாருக்கும் விடை தெரியாத கணக்கு என்று ஒன்று இருப்பதே எம்.எஸ்ஸி. படிக்கும்போதுதான் எனக்குத் தெரிய வந்தது, அதை நினைத்தால் இன்றைக்கும் கோபம் வருகிறது. இன்று நான் ஒரு கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுக்கிறேன். பிளஸ் டூ வகுப்பிலேயே விடை தெரியாத கேள்விகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லியாக வேண்டும் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழக்கடைக்கே போவோம். ஆரஞ்சை அடுக்குகிறவர் ஒரு வரிசைக்கு மேல் அடுத்த வரிசையை நேராக வைப்பதில்லை, கீழே இருக்கும் பழங்களுக்கு நடுவே குழி இருக்கிறதே, அதில்தான் உட்கார வைக்கிறார். அப்படி அடுக்கினால் இடத்தில் சுமார் 74 சதவீதம் பழமாக இருக்கும். ஒன்றின் தலையில் ஒன்றாக நேரே அடுக்கினால் 52 சதவீதம்தான். சரி, 74-ஐ விட நெருக்கமாக அடுக்க வழியே கிடையாதா? கிடையாது என்று வானியல் அறிஞர் கெப்லர் 1611-இல் எழுதிவைத்தார், ஆனால் நிரூபணம் தரவில்லை. 1998-இல் தாமஸ் ஹேல்ஸ் நிரூபணத்தைக் கொண்டுவந்தார், அதில் பாதி கம்ப்யூட்டர் போட்ட கணக்கு. பன்னிரண்டு பேர் கொண்ட குழு வருஷக்கணக்கில் சரிபார்த்துவிட்டு "99 சதவீதம் சரி" என்றது. அந்த ஒரு சதவீதத்தைப் போக்க ஹேல்ஸும் கூட்டாளிகளும், ஒவ்வொரு படியையும் கம்ப்யூட்டரே சோதிக்கும்படி முழு நிரூபணத்தையும் மறுபடி எழுதினார்கள், அது முடிந்தது 2014-இல். ஒரு பழக்கடைக் கேள்விக்கு 400 வருஷம்!

இதே கேள்வியை எட்டுப் பரிமாணத்தில் கேட்கலாம். பயப்பட வேண்டாம், எட்டு எண்களை வரிசையாக எழுதினால் அது எட்டுப் பரிமாணத்தில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். பரிமாணம் கூடக்கூட உருண்டைகளுக்கு நடுவே இருக்கும் குழிகள் பெரிதாகிக்கொண்டே போகும். எட்டுக்கு வரும்போது, ஒரு அடுக்கின் குழிகளுக்குள் அதே அடுக்கின் இன்னொரு பிரதி கச்சிதமாகப் பொருந்திவிடுகிறது! இதுதான் மிக நெருக்கமானது என்று எல்லோருக்கும் தோன்றியது, நிரூபிக்கத்தான் முடியவில்லை. கோன், எல்கீஸ் என்ற இருவர் 2003-இல் வழி காட்டினார்கள்: குறிப்பிட்ட குணங்கள் கொண்ட ஒரு சார்பு (ஃபங்ஷன்) கிடைத்தால் போதும், வேலை முடிந்தது. அந்தச் சார்புதான் யாருக்கும் அகப்படவில்லை. 2016 மார்ச் 14 அன்று, உக்ரைனில் பிறந்து பெர்லினில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த மரினா வியாசோவ்ஸ்கா 23 பக்கத்தில் அதை எழுதி வெளியிட்டார். ஒரே வாரத்தில் அவரும் இன்னும் நால்வரும் சேர்ந்து 24-ஆம் பரிமாணத்தையும் முடித்தார்கள். 2022-இல் அவருக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.

அந்தச் சார்பின் ஒரு பகுதி எதனால் ஆனது தெரியுமா? ராமானுஜன் கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1916-இல் எழுதிய கட்டுரையில் பி, க்யூ, ஆர் என்று மூன்று தொடர்கள் வரும். எதன் வகைக்கெழுவை (மாறும் வேகத்தை) எடுத்தாலும் இந்த மூன்றை வைத்தே எழுதிவிடலாம், அவ்வளவு நெருங்கிய சொந்தம். நூறு வருஷம் கழித்து வியாசோவ்ஸ்கா கையில் எடுத்தது அதே மூன்றைத்தான். கும்பகோணத்தில் ராமானுஜன் வீட்டைப் பார்த்துவிட்டு, 1729 கதையைச் சொல்லிவிட்டு நாம் கிளம்பிவிடுகிறோம். அவர் எழுதியது இன்றைக்கும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதை அல்லவா பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்!

அப்புறம், "இதனால் என்ன பிரயோஜனம்" என்ற கேள்வி. செய்தியை எண்களாக்கி, அதாவது ஒரு புள்ளியாக, அனுப்பும்போது வழியில் இரைச்சல் கலக்கிறது, அனுப்பிய புள்ளி கொஞ்சம் நகர்ந்து போய்ச் சேருகிறது. புள்ளிகளைச் சுற்றி உருண்டை வரைந்து, உருண்டைகள் ஒன்றோடொன்று இடிக்காமல் வைத்துக்கொண்டால் எது அனுப்பப்பட்டது என்று திரும்பக் கண்டுபிடித்துவிடலாம். ஆக, உருண்டை அடுக்குவதும் பிழை திருத்துவதும் அடிப்படையில் ஒரே வேலைதான். வாயேஜர் விண்கலங்கள் வியாழன், சனி படங்களை அனுப்பியபோது பயன்பட்டது கோலே குறியீடு: 24 பிட்டில் (பிட் என்றால் 0 அல்லது 1) 12 செய்தி, 12 காவல், மூன்று பிட் வரை கெட்டாலும் சரிசெய்துவிடும். 24-ஆம் பரிமாணத்தின் அந்த அடுக்கை, ஒரு உருண்டையை 1,96,560 உருண்டைகள் தொட்டுக்கொண்டிருக்கும் அதிசயத்தை, கட்டுவதற்கு அடிப்படையே அதே கோலே குறியீடுதான். இதில் எது தூய கணிதம், எது பயன்பாட்டுக் கணிதம்? நான் இவ்வளவு காலம் படித்தும் எனக்குக் கோடு போடத் தெரியவில்லை. கல்லூரியில் சேர வரும் பிள்ளையிடம் "ப்யூரா, அப்ளைடா" என்று முதல் நாளே கேட்டுக் கூண்டில் அடைப்பதை நிறுத்துங்கள்.

இது முடிந்த கதையும் இல்லை. மிகப் பெரிய பரிமாணங்களில் எவ்வளவு நெருக்கமாக அடுக்கலாம் என்பதில், இவ்வளவாவது முடியும் என்று ரோஜர்ஸ் என்ற கணிதக்காரர் 1947-இல் கண்ட எல்லைக்குப் பிறகு, பெரும்பாலும் அதன் முன்னால் நிற்கும் மாறிலியை (பெருக்கும் எண்ணை) மட்டும்தான் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்த முடிந்தது. எல்லாப் பெரிய பரிமாணங்களுக்கும் பொருந்தும்படி அதைத் தாண்டிய முன்னேற்றம் 2023 டிசம்பரில்தான் வந்தது. 2025 ஏப்ரலில் போவாஸ் க்லார்டாக் அதையும் வெகுதூரம் தாண்டினார். அவர் அடிப்படையில் குவி வடிவியல்காரர் (உள்பக்கம் குழியாத வடிவங்களை ஆராய்கிறவர்), ரோஜர்ஸின் பழைய யோசனையையே எடுத்து வேறு விதமாக நடத்திப் பார்த்தார்.

இதையெல்லாம் போன மாதம் முதலாமாண்டு வகுப்பில் சொன்னேன், பாடத்திட்டத்தில் இல்லாத இருபது நிமிஷம். கடைசி வரிசைப் பெண் எழுந்து, "சார், மூணு முடிஞ்சது, எட்டு முடிஞ்சது, அப்போ நாலு?" என்றாள். நாலு யாருக்கும் தெரியாதும்மா, அஞ்சும் ஆறும் ஏழும்கூடத் தெரியாது என்றேன். யாருக்குமேவா என்று இரண்டு தடவை கேட்டாள். மறுநாள் நாலு பரிமாணத்தில் ஒரு உருண்டையை 24 உருண்டைகள் தொடும்படி ஆயத்தொலைவுகளை எழுதிக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள், ஒன்றுகூடத் தப்பில்லை.