உதகை ஏற்றமும் பெரிய த்ராட்டில் பாடியும்

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கு ஏறும்போது பெட்ரோல் பிக்கப் வண்டி இழக்கும் இழுவையைப் பெரிய த்ராட்டில் பாடி (எஞ்சினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் வாய்) பொருத்தினால் முழுவதும் மீட்டுவிடலாம் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார். அன்புடன் மறுக்கிறேன். ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தமே கடல்மட்ட அளவில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கிறது. டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) இல்லாத எஞ்சினுக்குள் வெளியிலுள்ள அழுத்தத்திற்கு மேல் காற்றைத் திணிக்க எந்த வாய் அகலத்தாலும் இயலாது. (டர்போ டீசல் வண்டிகளின் கணக்கு வேறு.)

இதை நீங்களே சரிபார்க்கலாம். வண்டியின் சென்சார் அளவுகளைப் படித்துக்காட்டும் சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனரை இணைத்து, எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பி, மேனிஃபோல்டு அழுத்தத்தை (த்ராட்டிலைத் தாண்டி எஞ்சினுக்குள் செல்லும் குழாயில் உள்ள காற்றழுத்தம்) குறித்துக்கொள்ளுங்கள்: மேட்டுப்பாளையத்தில் சுமார் 97 கிலோபாஸ்கல் காட்டும் கருவி, உதகையில் 77-ஐ ஒட்டிக் காட்டும். பிறகு அதே உயரத்தில் ஓர் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து, எஞ்சின் நன்றாகச் சுற்றும்போது, பக்கத்தில் இருப்பவரை அதே எண்ணைப் படிக்கச் சொல்லுங்கள். எஞ்சினை இயக்காமல் அங்கே குறித்த எண்ணுக்கும் இதற்கும் இடையே இரண்டு மூன்று கிலோபாஸ்கல் வித்தியாசம்தான் என்றால், பழைய த்ராட்டில் பாடி காற்றைத் தடுக்கவில்லை என்று பொருள். புதியது மீட்டுத்தரக்கூடியதும் அந்த இரண்டு மூன்றுக்குள்தான். கேரட் மூட்டை ஏற்றிப் பிழைக்கும் ஓட்டுநர் ஒருவர் இதை நம்பிப் பணத்தைப் போடுவதற்கு முன் இந்த இரண்டு எண்களையும் பார்த்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.