மண் வாசனை கேட்ட அய்யாவுக்கு

ஞாயிற்றுக்கிழமை நடந்தது எல்லோருக்கும் தெரியும். நேரில் வராதவர்களுக்கும் அந்த வீடியோவை யாராவது அனுப்பியிருப்பார்கள், அதனால் முழுக்கதையையும் மறுபடி எழுதப்போவதில்லை. என் ஓவியக் கண்காட்சியைத் திறந்துவைக்க வந்தவர் அரங்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு மைக்கைப் பிடித்தார். "இந்த நீலமெல்லாம் ஐரோப்பாவிடம் வாங்கிய கடன். இந்தப் பெண்ணுக்குக் கை இருக்கிறது, மண் வாசனைதான் இல்லை" என்றார். கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே நின்றேன். தோளில் பொன்னாடை கிடக்கும்போது வேறு என்ன செய்ய முடியும்?

அன்று சொல்லாததை இங்கே சொல்கிறேன். ஓவியருக்கு எது எங்கிருந்து வந்து ஒட்டிக்கொள்ளும் என்பதை அவருடைய பிறந்த ஊரை வைத்து யாரும் முடிவு செய்ய முடியாது. என்னால் முடியாது, அய்யாவாலும் முடியாது.

என் மண் எது என்று கேட்டீர்கள் அல்லவா? சிவகாசி. அங்கே மழை பெய்து மண் மணத்த நாட்களை விட, அச்சகத்து மையும் உருளை துடைக்கிற மண்ணெண்ணெயும் மணத்த நாட்கள்தான் அதிகம். அப்பா மிஷின் ஓட்டினார். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் நகக்கண்ணில் மை இருக்கும், எத்தனை சோப்பு போட்டாலும் போகாது. எங்கள் வீட்டில் நோட்டுக்கு அட்டை போடுவது, அலமாரியில் விரிப்பது, பலகாரம் மடிப்பது எல்லாமே அச்சகத்தில் கழித்த தாளில்தான். மிஷினைச் சரிபார்க்க ஒரே தாளைத் திரும்பத் திரும்ப உள்ளே விடுவார்கள். அதனால் மகாலட்சுமியின் மேல் தீப்பெட்டி லேபிள் இருக்கும், அதன் மேல் பட்டாசுப் பெட்டிக் குருவி, அதற்கும் மேலே யாரோ ஒரு ஜவுளிக்கடைக்காரரின் முகவரி தலைகீழாக. ஒரு தாளில் அத்தனை பேர். அந்தத் தாளைத்தான் நான் இன்றுவரை வரைந்துகொண்டிருக்கிறேன்.

அப்புறம் அந்த நீலம். காலண்டர் முருகனை நிறத்துக்கு ஒரு பிளேட்டாக அடிக்கும்போது நீல பிளேட்டை மட்டும் தனியாக ஓட்டிப் பார்த்த தாள்கள் வரும். உதட்டில் சிவப்பு இருக்காது, நகையில் மஞ்சள் இருக்காது. வேல், மயில், கன்னம் எல்லாம் வெளிறிய ஒரே நீலம். பூஜை அறையில் முழு நிறத்தில் பார்த்த அதே முருகன் இந்தத் தாளில் பாதிதான் வந்து சேர்ந்தவர் மாதிரி இருப்பார். சின்ன வயதில் எனக்கு அது பயமாகவும் இருக்கும், விட்டுப் பார்க்கவும் முடியாது. அய்யா ஐரோப்பா என்று கண்டுபிடித்த நீலம் இதுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். கேட்கவில்லை.

சரி, ஐரோப்பாவே என்று வைத்துக்கொள்வோம். நீலத்துக்கு ரேஷன் கார்டு இருக்கிறதா? பிரஷ்ய நீலம் 1700களின் தொடக்கத்தில் பெர்லினில் தற்செயலாகப் பிறந்த சாயம். அது கப்பலேறி ஜப்பானுக்குப் போனது. 1831 வாக்கில் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாய் 'பெரிய அலை' படத்தை அச்சிட்டது அதே நீலத்தில்தான். பிறகு ஜப்பானிய அச்சுப்படங்கள் பாரிசுக்கு வந்தபோது ஹாலந்து ஓவியர் வான்கா அவற்றை வாங்கிச் சேர்த்தார், 1887இல் ஹிரோஷிகே என்ற ஜப்பானியரின் படங்களை அப்படியே எண்ணெய் வண்ணத்தில் பிரதி எடுத்தார். ஜெர்மனியிடம் ஜப்பான் வாங்கிய கடன், ஜப்பானிடம் ஹாலந்துக்காரர் வாங்கிய கடன். யாரும் அவரை மேடையில் நிறுத்தி, "தம்பி, ஹாலந்து மண் வாசனை எங்கே" என்று கேட்டதாக நான் படிக்கவில்லை.

நம் வீட்டுச் சுவரில் சுண்ணாம்போடு ஒரு சிட்டிகை கலப்போமே நீலப்பொடி, வேட்டிக்குப் போடுவோமே, அது அல்ட்ராமரின். 1820களில் பிரான்சிலும் ஜெர்மனியிலும் செயற்கையாகச் செய்யக் கற்றுக்கொண்ட நிறம். அய்யா அன்று கட்டியிருந்த வெள்ளை வேட்டியும் பளிச்சென்றுதான் இருந்தது.

"தஞ்சாவூர் ஓவியத்தைப் பாருங்கள், நம்முடையது, கலப்பில்லாதது" என்றும் சொன்னார். அதற்கும் கைதட்டல். தஞ்சாவூர் பாணி செழித்தது மராத்திய மன்னர்கள் காலத்தில். வரைந்தவர்களில் பலர் தெலுங்கு பேசிய ராஜு குடும்பத்தினர். இதைச் சொல்வதால் அது நம்முடையது இல்லை என்று ஆகிவிடுமா? எனக்கு அது நம்முடையதுதான். ஆனால் அவர் சொல்கிற காரணத்துக்காக இல்லை.

எங்கள் பக்கத்துக் கோவில்பட்டியில் கொண்டையராஜு என்ற காலண்டர் ஓவியர் இருந்தார். தமிழ்நாட்டில் அவருடைய சாமி ஏறாத பூஜை அறை குறைவு. சென்னைக் கலைப் பள்ளியில் படித்தவர், ரமணாசிரமத்தில் தங்கியவர், நாடகக் கம்பெனிக்குத் திரைச்சீலை எழுதியவர். அவர் வரைந்த முருகனின் கன்னத்தில் ஒரு பக்கம் வெளிச்சம், ஒரு பக்கம் மெல்லிய நிழல் விழும். அந்த நிழல் மகாபலிபுரத்திலிருந்து வரவில்லை, வெள்ளைக்காரன் பாடத்திட்டத்திலிருந்து வந்தது. அந்தப் படத்துக்கு முன்னால்தான் என் ஆச்சி தினமும் விளக்கேற்றினாள். ஆச்சிக்கு மண் வாசனை போதாது என்று அய்யா போய்ச் சொல்லட்டும் பார்ப்போம்.

ஊரே அப்படித்தான். 1920களில் இரண்டு பேர் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்ததால்தான் இன்றைய சிவகாசி. அப்பா ஓட்டியது ஜெர்மன் மிஷின். அதில் அச்சானது தமிழ்க் கடவுள். இதில் எந்த மண்ணைச் சலித்து எடுத்து முகரச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியவில்லை.

இப்போது சிலர் வருவார்கள். "அப்படியென்றால் மரபே வேண்டாமா?" நான் எங்கே வேண்டாம் என்றேன்? அடுத்த கேள்விக்குப் போகிறேன்.

"விமர்சிக்க அவருக்கு உரிமை இல்லையா?" இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. மூன்றாவது சுவரில் இருக்கும் பெரிய கேன்வாஸில் கீழ்ப்பகுதி கனத்துப்போய் மேலே காலியாக நிற்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த மஞ்சள் கத்துகிறது என்று சொல்லியிருக்கலாம். ஒரே உருவத்தை வைத்துக்கொண்டு எத்தனை படம் போடுவாய் என்று கேட்டிருந்தால்கூட நான் உட்கார்ந்து பேசியிருப்பேன். மொராண்டி என்று ஒருவர் போலோக்னாவில் ஒரே வீட்டில், அதே சீசாக்களையும் டப்பாக்களையும் மாற்றி மாற்றி வைத்து ஆயுள் முழுக்க வரைந்தார் என்று பதிலும் சொல்லியிருப்பேன். அதெல்லாம் விமர்சனம். படத்தைப் பார்த்தால்தான் அப்படிப் பேச முடியும். மண் வாசனை இல்லை என்று சொல்லப் படத்தைப் பார்க்கவே வேண்டாம், அழைப்பிதழைப் பார்த்தால் போதும்.

"சென்னையில் மேற்கைக் காப்பியடிக்கிறவர்கள் இருக்கிறார்களே?" இருக்கிறார்கள். அவர்களிடம் போய்க் கேளுங்கள்.

எங்கள் கல்லூரியில் ஒரு காலத்தில் முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரை வேறு அய்யா இழுத்தார். பணிக்கர் பெயரைச் சொன்னால் எங்களைப் போல எழும்பூர் கவின் கலைக் கல்லூரியில் படித்தவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்று ஒரு நம்பிக்கை. ஆமாம், இந்திய அடையாளம் வேண்டும் என்று தேடியவர்தான் அவர். ஆனால் அதற்கு முந்தைய படங்களில் வான்காவும் கோகானும் வந்து உட்கார்ந்திருப்பதை அவரே மறைத்ததில்லை. அந்த வழியாக நடந்துதான் 1963இல் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைக்கு வந்தார். ஜாதகக் கட்டம், எண்கள், படிக்க முடியாத எழுத்துகள். வேலை செய்து செய்து வந்து சேர்ந்த இடம் அது. யாரோ ரிப்பன் வெட்ட வந்து உத்தரவு போட்டதால் வந்த இடம் இல்லை. 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் தொடங்கியபோது அங்கிருந்த ஓவியர்கள் சோற்றுக்கு என்ன செய்தார்கள்? மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணி போட்டு விற்றார்கள். பாத்திக் ஜாவாவில் பேர்பெற்ற கலை. அந்தத் துணி விற்ற காசில்தான் நம்முடைய அடையாளத்தைத் தேடினார்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

"உத்வேகம் எங்கிருந்து வருகிறது?" என்று பேட்டிக்கு வருகிற பிள்ளைகள் எல்லோரும் கேட்கிறார்கள். நான் அழகாக ஏதாவது சொல்வேன் என்று ஃபோனை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் எங்கிருந்தும் வருவதில்லை. பின்பக்க பால்கனியில் தகரம் போட்டு மறைத்ததுதான் என் ஸ்டுடியோ. மதியம் பன்னிரண்டுக்கு மேல் உள்ளே நிற்க முடியாது. காலையில் பையனை அனுப்பிவிட்டு, நேற்று கெடுத்த இடத்தைத் துடைத்துவிட்டு, மறுபடி கெடுப்பேன். துடைத்த இடத்தில் பழைய நிறம் லேசாகத் தங்கும். சில நாள் அதிலிருந்து ஒரு படம் கிளம்பும். அதற்குப் பெயர் உத்வேகமா என்று எனக்குத் தெரியாது. அதற்கு மண் எது, நாடு எது என்றும் தெரியாது. அய்யாவுக்கு மட்டும் அரங்கை ஒரு சுற்று சுற்றியதும் தெரிந்துவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இதற்குத் திட்டு வரும் என்று தெரிந்தே சொல்கிறேன். என்னோடு படித்த ஆண்கள் பலர் பாரிசையும் நியூயார்க்கையும் பச்சையாகவே இறக்கி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கண்காட்சியில் அதற்குப் பெயர் தேடல், பயணம், உலகப் பார்வை. இதே அய்யா அவர்களில் ஒருவருக்கு முன்னுரை எழுதியிருக்கிறார், அதில் எங்கேயும் மண் வரவில்லை. என் முறை வரும்போது மட்டும் வாசனை வந்துவிடுகிறது. நாற்பது தாண்டியவளை "இந்தப் பெண்" என்று சொல்வதும் பாராட்டுதான் என்று என் நண்பர்களே எனக்கு விளக்குகிறார்கள். கோலம், முற்றம், தண்ணீர்க்குடம் வரைந்திருந்தால் அன்று எனக்கு இரண்டாவது பொன்னாடை விழுந்திருக்கும்.

"பெரியவர், வயதானவர், விட்டுவிடேன்" என்கிறீர்கள். என் அப்பாவும் பெரியவர்தான். எழுபதைத் தாண்டியவர், ஞாயிற்றுக்கிழமைக்காக சிவகாசியிலிருந்து பஸ்ஸில் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்த நீலம் தன் மிஷினிலிருந்து வந்தது என்று அவருக்குப் படங்களைப் பார்த்ததுமே புரிந்தது. "இது பிளேட்டு ஓட்டிப் பார்க்கிற தாள்லா" என்று என் காதில் சொன்னார். பத்து நிமிடம் கழித்து மேடையில் அது ஐரோப்பாவாகிவிட்டது. அப்பா ராத்திரி சாப்பிடும்போது, "அவர் சொன்னது எனக்குச் சரியா விளங்கல, நல்லபடியாத்தான சொன்னாரு?" என்று கேட்டார். ஆமாம்பா என்றேன்.

அய்யாமேல்கூட அவ்வளவு கோபமில்லை. அவரை எனக்குத் தெரியாது. முன்வரிசையில் உட்கார்ந்திருந்தீர்களே அண்ணே, உங்களை எனக்குத் தெரியும். விடுதி மொட்டை மாடியில் வான்கா புத்தகத்தை முதன்முதலில் எனக்குக் காட்டியது நீங்கள். அந்தக் கழித்த தாள்களை நான் கட்டாகக் கொண்டுவந்தபோது, "இதை விட்டுடாதே, உனக்கு இதுதான்" என்று சொன்னதும் நீங்கள். நீலம் எங்கிருந்து வந்தது என்று அந்த அரங்கில் அப்பாவைத் தவிரத் தெரிந்த ஒரே ஆள் நீங்கள்தான். எழுந்து ஒரு வரி சொல்லியிருக்கலாம். கைதட்டாமலாவது இருந்திருக்கலாம்.

ராத்திரி "பெருசா எடுத்துக்காதே" என்று வாட்ஸப்பில் அனுப்பியிருந்தீர்கள். பெரிதாகத்தான் எடுத்துக்கொண்டேன் அண்ணே. பதில் போடாததற்கு அதுதான் காரணம்.