பல்பு மாட்டிய கதை

கடலோர ஊரான மண்டபத்தில் இருக்கிற எங்கள் வீட்டில், மகன் போனிலேயே போட்டு அணைக்கிற ஸ்மார்ட் பல்பும் மோட்டார் ஸ்விட்சும் மாட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டான். நடுராத்திரியில் கரண்ட் போய் வந்தால் போதும், போனில் அணைத்துவிட்டுப் படுத்த பல்பு தானாகப் பளீரென்று எரிகிறது. கேட்டால், "ஆப்புல செட்டிங் மாத்தணும்ப்பா" என்கிறான். சரி, மாற்றலாமென்றால் பல்பு வைஃபையிலிருந்து கழன்றுகொண்டு, மறுபடி சேரவே மாட்டேன் என்கிறது. போன் வைஃபையின் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இருக்கிறதாம், பல்புக்கு 2.4 மட்டும்தான் புரியுமாம்.

மோட்டார் ஸ்விட்ச் இன்னும் மோசம். ஜன்னல் கம்பியே செதில் செதிலாக உதிர்கிற உப்புக்காற்று இது. உள்ளே பச்சைக் களிம்பு பூத்து ஒட்டிக்கொண்டது. போனில் 'ஆஃப்', மாடியில் தொட்டி வழிகிறது. அதுவும் காசு கொடுத்து வாங்கிய லாரித் தண்ணீர்!

வீட்டுக்காரி கேட்கிறாள்: "கைய நீட்டுனா எரியுற விளக்குக்கு எதுக்குங்க போனு?"