கையெழுத்திட மறுக்க முடியாதவரின் சம்மதம்

2025 ஜூலை 10 அன்று ஸ்ட்ராஸ்பர்க்கில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும், ஆகஸ்ட் 1 அன்று லக்சம்பர்க்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும் வழங்கிய இரண்டு தீர்ப்புகளைச் சேர்த்து வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. ஒன்று தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீராங்கனை காஸ்டர் செமன்யா தொடுத்த வழக்கு. மற்றொன்று பெல்ஜியத்தின் செராங் கால்பந்துக் கழகத்துக்கும் ஃபிஃபாவுக்கும் இடையிலானது. இரண்டிலும் சோதிக்கப்பட்டது, விளையாட்டுத் தகராறுகளைத் தீர்க்க சுவிட்சர்லாந்தின் லோசானில் இயங்கும் விளையாட்டு நடுவர் மன்றத்தின் முடிவு நீதிமன்றங்களை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்பதுதான்.

இரண்டு வணிகர்கள் ஒப்பந்தம் போடும்போது, தகராறு வந்தால் எந்த ஊரில், எந்தச் சட்டப்படி, யாரை நடுவராக வைத்துத் தீர்த்துக்கொள்வது என்று பேரம் பேசி எழுதிக்கொள்கிறார்கள். பின்னால் அந்த முடிவில் நீதிமன்றம் அதிகம் தலையிடாமல் ஒதுங்கி நிற்பதற்கு அந்தப் பேரமே நியாயம். விளையாட்டில் அப்படிப்பட்ட பேரம் எதுவும் நடப்பதில்லை. கூட்டமைப்பின் விதிகளை ஏற்றுக் கையெழுத்திட்டால் ஓடலாம், மறுத்தால் வீட்டில் இருக்கலாம். ஜெர்மானியப் பனிச்சறுக்கு ஓட்ட வீராங்கனை கிளாடியா பெக்ஸ்டைன் வழக்கில் 2018-லேயே ஸ்ட்ராஸ்பர்க் இதைக் கட்டாய நடுவர் முறை என்று ஏற்றுக்கொண்டது. ஏற்ற பிறகும் லோசானின் நடைமுறையில் பெரிய மாற்றம் வரவில்லை என்பதே என் வருத்தம்.

செராங் வழக்கின் விவரம் இன்னும் தெளிவானது. லியேஜ் நகருக்கு அருகிலுள்ள அந்தச் சிறிய கழகம், மால்டாவில் பதிவான டோயன் ஸ்போர்ட்ஸ் நிறுவனத்திடம் 2015 ஜனவரியில் 3,00,000 யூரோ பெற்று, 3 வீரர்களின் பொருளாதார உரிமைகளில் (அவர்கள் வேறு கழகத்துக்கு மாறும்போது கிடைக்கும் பணத்தில்) 30 சதவீதத்தைக் கொடுத்தது. வெளியார் இப்படி வீரர்கள் மீது பங்கு வைத்திருப்பதை ஃபிஃபா அப்போதுதான் தடை செய்திருந்தது. கழகத்துக்கு 1,50,000 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும், 4 பதிவுக் காலங்களுக்குப் புதிய வீரர்களைச் சேர்க்கத் தடையும் விதிக்கப்பட்டன. நடுவர் மன்றம் 2017-இல் தடையை 3 காலமாகக் குறைத்ததோடு சரி. சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. பெல்ஜியத்தில் கழகம் தொடர்ந்த வழக்கில், லோசானில் முடிந்துபோன விஷயத்தை மீண்டும் கிளற முடியாது என்று பிரஸ்ஸல்ஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2019-இல் கதவைச் சாத்தியது.

வெளியார் பங்கு வைப்பதைத் தடுக்கும் ஃபிஃபாவின் அந்தத் தடை நல்ல விதி என்றே நான் நினைக்கிறேன். இளம் ஆட்டக்காரரின் எதிர்காலத்தில் முதலீட்டாளர் பங்கு வாங்குவதை ஆதரிக்க என்னால் முடியாது. ஆனால் விதி நல்லது என்பதும், அது ஒன்றியத்தின் போட்டிச் சட்டத்துக்கும் சுதந்திர நடமாட்ட உரிமைக்கும் உட்பட்டதா என்று ஒரு நீதிபதி பார்க்கவே கூடாது என்பதும் வேறு வேறு. நடுவர் முடிவு பொதுக் கொள்கைக்கு, அதாவது சட்ட ஒழுங்கின் அடிப்படைக் கோட்பாடுகளுக்கு, முரணானதா என்று மட்டுமே சுவிஸ் நீதிமன்றம் அதன் உள்ளடக்கத்தில் பார்க்கும். போட்டிச் சட்டம் அந்தப் பொதுக் கொள்கையில் சேராது என்று 2006-லேயே சொல்லிவிட்டது. ஆக, ஒன்றியச் சட்டம் சார்ந்த வாதத்தை எந்த நீதிமன்றமும் பார்க்காமலேயே கழகம் தண்டனையை அனுபவித்து முடித்தது.

இங்கே லக்சம்பர்க் கவனித்த ஒரு நுட்பத்தை நம் வழக்கறிஞர் நண்பர்கள் குறித்துக்கொள்ளலாம். வணிகத் தகராறில் தோற்றவர் பணம் தர மறுத்தால், வென்றவர், வெளிநாட்டு நடுவர் முடிவுகளை நிறைவேற்ற வழிசெய்யும் 1958 நியூயார்க் உடன்படிக்கையைக் கையில் எடுத்துக்கொண்டு, சொத்து இருக்கும் நாட்டின் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். அந்த வாசலில் ஒரு சோதனை நடக்கும். ஃபிஃபாவுக்கோ யாருடைய உதவியும் தேவையில்லை. வீரரைப் பதிவு செய்ய மறுத்தாலே தண்டனை நிறைவேறிவிடும். எந்த வாசலையும் கடக்காத முடிவை எந்த நீதிபதி எப்போது சோதிப்பது? அதனால்தான், உறுப்பு நாட்டு நீதிமன்றங்கள் ஒன்றியத்தின் பொதுக் கொள்கை சார்ந்த கேள்விகளை ஆழமாக ஆராய முடிய வேண்டும், தேவைப்பட்டால் இடைக்கால உத்தரவும் தர முடிய வேண்டும், அதைத் தடுக்கும் உள்நாட்டு விதியை ஒதுக்கி வைக்கவும் வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. நடுவர் முறையே ஐரோப்பாவில் ஆட்டம் கண்டுவிட்டது என்று சிலர் எழுதுவது மிகை. திணிக்கப்பட்ட நடுவர் முறையைப் பற்றியே தீர்ப்பு பேசுகிறது. மனமுவந்து ஏற்ற வணிக நடுவர் முறைக்கு லக்சம்பர்க் நீதிமன்றமே 1999-இல் தந்த எகோ ஸ்விஸ் தீர்ப்பின் குறுகிய சோதனையே போதுமானதாக நீடிக்கிறது.

செமன்யா வழக்கில் ஸ்ட்ராஸ்பர்க் 15-க்கு 2 என்ற வாக்கில், நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டதாகக் கூறியது. இயற்கையாகவே டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் அதிகமுள்ள வீராங்கனைகள் சில ஓட்டங்களில் பங்கேற்க அதன் அளவைக் குறைத்தாக வேண்டும் என்ற விதியையே அவர் எதிர்த்தார். அந்த விதி பாரபட்சமானது, ஆனால் அவசியமானது என்று நடுவர் மன்றம் 2019-இல் 2-க்கு 1 என முடிவு செய்தது. 1500 மீட்டருக்கும் மைல் ஓட்டத்துக்கும் சான்று போதாது என்ற கவலையை அதே மன்றம்தான் பதிவு செய்தது. அந்தக் கவலையைக்கூடக் கறாராக ஆராயாமல் சுவிஸ் நீதிமன்றம் கடந்து போனது குற்றம். லோசான் எப்போதுமே கூட்டமைப்புகளின் பக்கம் சாயும் என்று நான் சொல்லவில்லை. நம் ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் 2015-இல் இதே மன்றத்தில்தான் முந்தைய விதியை நிறுத்தி வைக்க வைத்தார். சாய்ந்தாலும் சாயாவிட்டாலும் மேலே ஒரு முழுமையான பார்வை வேண்டும் என்பதே கேள்வி. செமன்யாவுக்கு அது கிடைத்தபோது, அவர் எதிர்த்த விதிக்குப் பதிலாக 2023-இல் இன்னும் கடுமையான விதி வந்துவிட்டது.

எனக்குள்ள ஒரே தயக்கம் லக்சம்பர்க் தந்த மருந்தின் எல்லையைப் பற்றியது. ஒன்றியத்துக்குள் விளையாடும் கழகத்துக்கு 27 நாடுகளின் நீதிமன்றங்கள் திறந்திருக்கின்றன. அவை ஒரே முடிவை வெவ்வேறாகப் படிக்கும் ஆபத்தும் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்தோ இந்தியாவிலிருந்தோ வரும் ஓட்டக்காரருக்கு அந்த வழி பெரும்பாலும் இல்லை. லோசானிலேயே உள்ள சுவிஸ் உச்ச நீதிமன்றம்தான் அவருக்கு முதலும் கடைசியும். ஆகவே, சர்வதேச நடுவர் முடிவுகளை ரத்து செய்வதற்கான காரணங்களை வரையறுக்கும் சுவிஸ் சட்டத்தின் 190-ஆம் பிரிவில், கட்டாய விளையாட்டு வழக்குகளுக்கு மட்டும் விரிவான மறுஆய்வைச் சேர்க்க வேண்டும். அந்த நாட்டு நாடாளுமன்றம் இதைச் செய்யாதவரை, ஒவ்வொரு வீரரும் தன் ஓட்டக் காலம் முடிந்த பிறகுதான் ஸ்ட்ராஸ்பர்க்கை எட்டுவார்.