வைத்தியரின் ரகசியம் மீது ஏன் பழி?

எத்தியோப்பியாவின் ஒரோமோ மக்களுடைய மூலிகை அறிவைப் பற்றி எதைப் படித்தாலும் ஒரு குற்றச்சாட்டு தவறாமல் வந்துவிடுகிறது. வைத்தியர்கள் மருந்தை மறைக்கிறார்கள், மூத்த மகனுக்கோ மனதுக்குப் பிடித்த பிள்ளைக்கோ மட்டும் சொல்லித் தருகிறார்கள், அதனால்தான் அந்த அறிவு அழிகிறது என்று. மறைப்பது உண்மைதான். ஆனால் மொத்தப் பழியையும் அவர்கள் தலையில் கட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

ஹேத்தோ என்ற மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எத்தியோப்பியாவின் இன்னொரு மொழியான அம்ஹாரிக்கில் கோசோ என்பார்கள். பாலே மலை போன்ற உயரமான இடங்களில் வளர்வது. பச்சை இறைச்சி உண்ணும் வழக்கமுள்ள நாடு, நாடாப்புழுத் தொல்லை அதிகம். இதன் பெண் பூவைக் காயவைத்து இடித்து, வெறும் வயிற்றில் குடித்தால் புழு வெளியேறும். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஐரோப்பிய மருந்து நூல்களில் ஏறிய மருந்து இது. அளவு மீறினால் கண்பார்வை போகும் ஆபத்தும் உண்டு. இப்படிப்பட்டதைப் பொறுப்பு தெரிந்த ஒருவரிடம் மட்டும் ஒப்படைப்பதில் என்ன தவறு?

சரி, ஒளிக்காமல் எல்லோரும் பயன்படுத்தியதற்கு என்ன நடந்தது? ஒரோமோக்கள் அந்தோடே என்று சொல்லும் கொடியின் காய், நம் பூந்திக்கொட்டை மாதிரி நுரைக்கும். எத்தியோப்பியா முழுக்கத் துணி துவைக்கப் பயன்படும். 1964-இல் வடக்கே அத்வாவில், பெண்கள் துவைக்கும் இடத்துக்குக் கீழே நத்தைகள் செத்துக் கிடப்பதை எத்தியோப்பிய விஞ்ஞானி அக்லிலு லெம்மா கவனித்தார். பில்ஹார்சியா நோயைப் பரப்பும் நத்தைகளை ஒழிக்க மலிவான வழி கிடைத்துவிட்டது என்று அதற்காகவே பல ஆண்டுகள் போராடினார். 1989-இல் அவருக்கு ரைட் லைவ்லிஹுட் விருதும் கிடைத்தது. 1990-களிலோ, அதே காயால் அமெரிக்க ஏரிகளின் வரிக்குதிரைச் சிப்பிகளை ஒழிக்கும் முறைக்கு அங்குள்ள டொலீடோ பல்கலைக்கழகம் காப்புரிமை வாங்கியது. தலைமுறை தலைமுறையாகத் துவைத்த பெண்களுக்கு அதில் பங்கு எங்கே?

மஞ்சளால் புண் ஆற்றும் முறைக்கு அமெரிக்காவில் கொடுத்த காப்புரிமையை 1997-இல் இந்தியா முறியடித்தது, எழுதி வைத்த ஆதாரம் கையில் இருந்ததால். அப்படியானால் ஒரோமோக்களும் எழுதி வைத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் வரலாற்றைப் பார்க்க வேண்டும். பேரரசர் ஹைலே செலாசி ஆட்சியில் அவர்கள் மொழிக்குப் பள்ளியிலும் நீதிமன்றத்திலும் அச்சிலும் இடமில்லை. 1991-க்குப் பிறகுதான் குபே என்ற லத்தீன் எழுத்துமுறையில் பிள்ளைகள் தாய்மொழியில் படிக்கத் தொடங்கினார்கள்.

இன்னொன்று, எனக்கு அதிக வருத்தம் தருவது. கபரிச்சோ என்ற செடி எத்தியோப்பியாவைத் தவிர வேறெங்கும் கிடையாது. வேரை நெருப்பில் போட்டுப் புகை பிடித்தால் தலைவலி, காய்ச்சல் விலகும் என்பது நம்பிக்கை. பிள்ளை பெற்ற வீட்டிலும் இந்தப் புகை போடுவார்கள். வேரைத் தோண்டினால் செடி போச்சு. தோண்டித் தோண்டிச் சந்தையில் விற்றே இன்று அரிதாகிவிட்டது. காடும் மேய்ச்சல் நிலமும் உழவு நிலமாக மாறுகின்றன. செடியே இல்லாத ஊரில் வைத்தியர் யாருக்கு எதைக் காட்டிக் கற்றுக்கொடுப்பார்?

சமூகத்தின் அறிவைத் தொடுவதற்கு அந்தச் சமூகத்தின் முன் ஒப்புதல் வேண்டும், லாபத்தில் பங்கு வேண்டும் என்று 2006-இல் எத்தியோப்பியா சட்டமே போட்டிருக்கிறது. ஆய்வுக்குப் போகிறவர்கள் அங்கிருந்து தொடங்கட்டும். வைத்தியர் சம்மதித்தால் மட்டும் எழுதுங்கள், அவர் மொழியிலேயே எழுதுங்கள், ஒரு பிரதியை அந்த ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஆய்வுப் பணத்தில் ஒரு பகுதி கபரிச்சோ நாற்றங்காலுக்குப் போகட்டும்.