திரிசூலத்துக்கும் ஈட்டிக்கும் என்ன வேறுபாடு?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் பகடை ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்புக்கான 2014 விதிநூலில் உள்ள ஆயுதப் பட்டியலைத் திறந்து, ஈட்டியையும் திரிசூலத்தையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரு கையால் குத்தினால் சேதத்துக்கு இரண்டுக்கும் ஆறு பக்கப் பகடை; இரு கைகளாலும் பிடித்தால் எட்டுப் பக்கப் பகடை; எறியக்கூடிய தொலைவும் ஒன்றுதான். ஈட்டியின் விலை 1 பொற்காசு, எடை 3 பவுண்டு. திரிசூலத்தின் விலை 5 பொற்காசு, எடை 4 பவுண்டு. போதாக்குறைக்கு ஈட்டி எளிய ஆயுதம், திரிசூலமோ போர்ப் பயிற்சி பெற்றவர்களுக்கு மட்டுமே உரியது. காசையும் சுமையையும் பயிற்சியையும் கூடுதலாகக் கொடுத்து, அதே ஈட்டியைத்தான் நாம் வேறு பெயரில் வாங்குகிறோம்.

எங்கள் வார இறுதி ஆட்டத்தில் புயல் தெய்வத்தின் பூசாரியாக ஆடும் தங்கை ஒருத்தி, தன் பாத்திரத்துக்குப் பொருத்தமாக இருக்கும் என்று ஆசையோடு திரிசூலத்தைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டாம் வாரமே பட்டியலைப் பார்த்துவிட்டு, "அண்ணா, அப்புறம் எதுக்கு இது பட்டியல்ல இருக்கு?" என்று கேட்டாள். ஆட்டத்தை நடத்துபவன் நான். ஆனாலும் என்னால் பதில் சொல்ல முடியவில்லை. அன்றிலிருந்து என்னைவிட்டு அகலாத அந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன்.

என் கருத்து இதுதான். ஓர் ஆயுதம் ஏன் உருவானது என்பதை அது எதிர்கொண்ட கவசத்தை வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அந்த உறவை விதிகளிலிருந்து நீக்கிவிட்டால், ஆயுதப் பட்டியலில் பகடைகளின் அளவைத் தவிர வேறெதுவும் மிஞ்சுவதில்லை.

இந்த உறவு ஆட்டத்தின் தொடக்கத்தில் இருந்தது என்பதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது. கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 1971இல் வெளியிட்ட செயின்மெயில் என்ற பொம்மைப் படை விளையாட்டில், ஒருவருக்கு ஒருவர் மோதும் சண்டைக்கென்று தனி அட்டவணை இருந்தது. ஒரு பக்கம் ஆயுதங்கள், மறுபக்கம் கவச வகைகள். இரண்டும் சந்திக்கும் கட்டத்தில் உள்ள எண்ணை இரண்டு பகடைகளை உருட்டி எட்ட வேண்டும். குத்துவாள் வைத்திருப்பவனுக்குக் கவசமில்லாதவன் எளிய இலக்கு, தகட்டுக் கவசம் அணிந்தவனோ மிகக் கடினமான இலக்கு. 1974இல் கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டபோது, மாற்று முறை என்ற பெயரில், அடி பட்டதா என்று பார்க்க இருபது பக்கப் பகடையைக் கொண்டு வந்தார்கள். அதில் சேதத்துக்கு எல்லா ஆயுதங்களுக்கும் ஒரே ஆறு பக்கப் பகடைதான். அந்த மாற்று முறையே நிலைத்துவிட்டது.

கைகாக்ஸ் அந்த உறவைக் கைவிடவில்லை. 1975இல் வந்த கிரேஹாக் துணைநூலிலும், 1978இல் வந்த அட்வான்ஸ்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டக்காரர் கையேட்டிலும், ஒவ்வோர் ஆயுதமும் ஒவ்வொரு கவச நிலைக்கு எதிராக எவ்வளவு கூடும், எவ்வளவு குறையும் என்ற அட்டவணையை இணைத்தார். நானும் என் ஆட்டத்தில் அதைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு வீச்சுக்கும் பொடி எழுத்து அட்டவணையில் விரலை வைத்துத் தேட வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சிக்கல், கவசமே அணியாத மிருகங்களுக்கும், அடிப்பது எவ்வளவு கடினம் என்பதைக் காட்டும் அதே கவச எண்தான் தரப்பட்டிருந்தது. ஓநாயின் தோலைத் தண்டாயுதம் எப்படிச் சந்திக்கும் என்பதற்கு அந்த அட்டவணையில் பொருளுள்ள விடை கிடையாது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு இதை வெட்டு, குத்து, மொத்து என்று மூன்று வகைகளாகச் சுருக்கி, விரும்பினால் பயன்படுத்தலாம் என்ற குறிப்போடு தந்தது. வளையக் கவசத்துக்கு எதிராக வெட்டுக்கு 2 புள்ளித் தடை, மொத்துக்கு 2 புள்ளிச் சலுகை. என் பார்வையில் சரியான தீர்வுக்கு மிக அருகில் வந்த விதி அதுதான். ஆனால் 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதையும் தூக்கி எறிந்துவிட்டது.

இந்த வேறுபாடுகள் வெறும் அலங்காரம் அல்ல. நன்றாகச் செய்த தகட்டுக் கவசத்தை வாளால் வெட்டிப் பிளக்க முடியாது. அதனால்தான் பதினைந்தாம் நூற்றாண்டு ஐரோப்பிய வாட்பயிற்சி நூல்களில், வீரன் தன் வாளின் நடு அலகையே இடக்கையால் பற்றி, அதை ஒரு குட்டை ஈட்டிபோலப் பயன்படுத்தி, அக்குளிலும் முகமூடியின் பிளவிலும் குத்துவதைப் படங்களாக வரைந்து காட்டியிருக்கிறார்கள். தண்டாயுதமும் போர்ச்சுத்தியும் அந்தக் காலத்தில் பெருமதிப்புப் பெற்றதற்கும் இதுவே காரணம்: உலோகத்தைத் துளைக்காமலேயே உள்ளிருக்கும் உடலை அவை நொறுக்கும். குத்துவாள் ஏழையின் ஆயுதம் அன்று. கீழே தள்ளி அமுக்கிப் பிடித்த கவச வீரனை முடித்துவைக்கும் ஆயுதம் அது. ஐந்தாம் பதிப்பில் தண்டாயுதம், இரு கைகளாலும் பிடிக்கக்கூடிய வெறும் கம்பைவிட விலை கூடிய, பயன் குறைந்த பொருளாக நிற்கிறது. இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இதற்கு விடை, கவசம் அடியைத் தவிர்ப்பதாக இல்லாமல் சேதத்தை உறிஞ்சுவதாக இருக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் அப்படித்தான் செய்தது. அதை வடிவமைத்தவர்களில் முதன்மையானவரான ஸ்டீவ் பெரின், இடைக்காலப் போர்முறையைக் கவசம் பூண்டு ஆடிப் பார்க்கும் அமெரிக்கக் கழகம் ஒன்றின் தொடக்ககால உறுப்பினர். அந்த அனுபவம் விதிகளில் தெரிகிறது. தகட்டுக் கவசம் ஒவ்வோர் அடியிலிருந்தும் 6 புள்ளிகளைக் கழித்துவிடும். சாதாரணக் குத்துவாள் அதை மீறுவது அரிது. ஆனால் அபூர்வமான மிகச் சிறந்த வெற்றி கிடைத்தால் கவசம் கணக்கிலேயே வராது. கத்தி பிளவைக் கண்டுகொண்டது என்று பொருள். அழகான விதி. ஆனாலும் நான் என் மேசையை அதற்கு மாற்றவில்லை. எந்த உறுப்பில் பட்டது என்று உருட்டி, அங்குள்ள கவசத்தைப் பார்த்து, கழித்து, அந்த உறுப்பின் கணக்கைத் தனியே எழுதுவதற்குள், ஐந்து பேர் ஆடும் சண்டை பாதி இரவைத் தின்றுவிடுகிறது.

2024இல் திருத்தி வெளியிட்ட விதிநூல் ஆயுதங்களுக்குத் தனித்திறன்களைக் கொடுத்தது. திரிசூலம் இப்போது எதிரியைக் கீழே விழச் செய்யும், அதன் பகடையும் பெரிதாகியிருக்கிறது. இதை மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்தத் திறன்கள் எதிரி சட்டை அணிந்திருந்தாலும் இரும்பு அணிந்திருந்தாலும் ஒரேபோல் வேலை செய்கின்றன. என் குறை அப்படியே இருக்கிறது.

ஆகவே எங்கள் மேசையில் மூன்றே வரிகளை எழுதிக்கொண்டோம். தகட்டுக் கவசம் அணிந்தவரை வெட்டு ஆயுதத்தால் தாக்கினால் உருட்டலில் 2 குறையும். வளையக் கவசத்தையோ தகட்டுக் கவசத்தையோ மொத்து ஆயுதத்தால் தாக்கினால் 1 கூடும். விழுந்து கிடக்கும் அல்லது பிடிபட்டிருக்கும் எதிரியைக் குத்துவாளால் தாக்கினால், அவர் எந்தக் கவசம் அணிந்திருந்தாலும் கவச எண் 12 என்றே கொள்வோம்.

சிறிய மாற்றம்தான், ஆனால் கணக்கைப் பாருங்கள். இருபது பக்கப் பகடையின் உருட்டலோடு 5 கூட்டி, எதிரியின் கவச எண் 18ஐ எட்ட வேண்டிய தொடக்கநிலை வீரனுக்கு வழக்கமான விதியில் 40 விழுக்காடு வாய்ப்பு. பேரடியை (20 விழுந்தால் சேதப் பகடை இரட்டிப்பாவதை) விட்டுவிட்டு, வலிமைக்கு 3 சேர்த்தால், நீள்வாளின் சராசரிச் சேதம் வீச்சுக்கு 3. தண்டாயுதத்தின் சராசரி 2.6. எங்கள் விதியில் வாள் 2.25க்கு இறங்குகிறது, தண்டாயுதம் 2.9க்கு ஏறுகிறது. கவசமில்லாத கொள்ளையனுக்கு எதிராக வாளே இன்னும் மேலானது. எனவே ஆட்டக்காரர்கள் இப்போது இரண்டையும் இடுப்பில் வைத்திருக்கிறார்கள். கதவுக்கு அப்பால் நிற்பவன் என்ன அணிந்திருக்கிறான் என்று ஒற்றுப் பார்க்கிறார்கள்.

மிருகங்களுக்கு இந்த விதியே கிடையாது என்று வைத்திருந்தோம். சென்ற மாதம் பூசாரித் தங்கை, டிராகனின் செதிலைத் தகட்டுக் கவசமாகக் கொள்ள வேண்டும் என்று அரைமணி நேரம் வாதாடினாள். ஒப்புக்கொண்டேன். அடுத்த வாரம் அவள் திரிசூலத்தை முதுகில் கட்டிக்கொண்டு, கையில் போர்ச்சுத்தியோடு குகைக்குள் இறங்கினாள்.