அடுத்தவர் மைக்குக்குச் சட்டம், நம் மைக்குக்குச் சுதந்திரமா?

குமரி மாவட்டத்தில் கோயிலின் மாசிக் கொடை விழாவும் கிறிஸ்தவர்களின் தவக்காலமும் பெரும்பாலும் சேர்ந்தே வரும். ஒரு பக்கம் சமய மாநாட்டு மேடை, இன்னொரு பக்கம் கன்வென்ஷன் பந்தல், வெள்ளிக்கிழமையானால் ஜும்மா பயான். இரண்டு மணி நேரப் பேச்சில் நறுக்கிய முப்பது நொடி, மறுநாள் விடியும் முன் எல்லார் போனிலும் கிடக்கும். மதியத்துக்குள் புகார் மனு. எந்தத் தரப்பு எழுதினாலும் வாசகம் மாறாது: "எங்கள் மத உணர்வு புண்பட்டது, உடனே கைது செய்ய வேண்டும்." அதே தரப்பின் ஆள் மாட்டினால் மட்டும் பேச்சுரிமை தரும் அரசியல் சாசனத்தின் 19(1)(அ) நினைவுக்கு வருகிறது. இந்த இரட்டை அளவுகோலை நம்முடைய எல்லாச் சமயத்தாரும் கைவிட வேண்டும்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா. பழைய 153ஏ இப்போது 196: மதம், சாதி, மொழியின் பேரில் பிரிவினருக்கிடையே பகையை வளர்ப்பது. மூன்று ஆண்டு வரை தண்டனை; வழிபாட்டு இடத்தில் வைத்துச் செய்தால் ஐந்து ஆண்டு வரை. பழைய 295ஏ இப்போது 299: மத நம்பிக்கையை அவமதிப்பது. இரண்டுமே ஜாமீனில் விட முடியாத பிரிவுகள்.

ஆனால் 299-ஐ முழுசாக வாசித்தவர்கள் குறைவு. மனம் புண்பட்டால் போதும் என்று அதில் இல்லை. வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு, மத உணர்வைக் கொதிக்க வைக்கும் நோக்கத்தில் செய்திருக்க வேண்டும். 1957-இல் ராம்ஜிலால் மோடி வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்தப் பிரிவைச் செல்லும் என்று ஏற்றதே அந்த நோக்கத்தை வைத்துத்தான். தெரியாமலோ கவனக்குறைவாகவோ வாய் தவறியது இதில் வராது. பேச்சைக் கேட்டவர்களில் எளிதில் கொதிப்பவரை வைத்து அளக்கக் கூடாது, நிதானமும் திடமும் உள்ளவரை வைத்து அளக்க வேண்டும் என்பதும் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன அளவுகோல்.

நம்மூர் மேடையிலேயே வைத்துச் சொல்கிறேன். "கல்லில் தெய்வம் இல்லை" என்பது ஒரு கொள்கை. "மூவொரு கடவுள் என்பது பொருந்தாத கணக்கு" என்பதும் கொள்கைதான். கேட்கக் கசக்கும், பதில் சொல்லலாம், எழுந்து போகலாம். "மதம் மாறினவன் கடையில் சாமான் வாங்காதே", "அந்த ஊர்க்காரன் வந்தால் கரையில் இறங்க விடாதே" என்றால் கதை வேறு. குறி அங்கே கொள்கை மேல் இல்லை, பக்கத்து வீட்டுக்காரன் மேல். 196 அதற்குத்தான்.

2021 ஜூலையில் அருமனையில் ஒரு பாதிரியார் இந்து நம்பிக்கையைக் கேலி செய்து பேசிய பேச்சு நினைவிருக்கும். 2022 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் மேல் போட்ட சில பிரிவுகளை ரத்து செய்தது. 295ஏ, 153ஏ, பிரிவினருக்கிடையே பகை மூட்டும் கூற்றுகளுக்கான 505(2) ஆகியவற்றை நிற்க விட்டது. நகைச்சுவைக் கலைஞர் மேடையில் மதத்தைக் கேலி செய்வது வேறு, மதப் பிரசாரகர் செய்வது வேறு என்றது தீர்ப்பு. இதில் எனக்குத் தயக்கம் உண்டு. அடுத்த மதத்தின் கொள்கையை மறுக்காமல் எந்தப் பிரசாரகரும் தன் கொள்கையைச் சொல்ல முடியாது. பரப்பும் உரிமையை 25-ஆவது உறுப்பே தருகிறது. யார் பேசினார் என்பதை விட, யாரைக் குறிவைத்துப் பேசினார் என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது.

அய்யா வழியின் தலைமைப் பதியான சாமித்தோப்பை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரசனை நீசன் என்று சொன்ன மரபு அது. அய்யா வைகுண்டரைச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தார்கள். பெண்கள் மேலாடை அணியும் தோள்சீலை உரிமைக்காகப் பேசியவர்களையும் அன்று குழப்பம் உண்டாக்குகிறவர்கள் என்றுதான் சொன்னார்கள். புண்பட்டதே குற்றம் என்று வைத்தால், முதலில் உள்ளே போவது இப்படிப்பட்ட பேச்சுதான்.

இனி புகார் கொடுப்பவர்களுக்கு. வழக்குகள் எங்கே உடைகின்றன என்றால், பெரும்பாலும் நறுக்கிய வீடியோவில். முழுப் பதிவு வேண்டும்; முன்னும் பின்னும் என்ன சொன்னார் என்று தெரியாமல் நோக்கத்தை நிரூபிக்க முடியாது. பதிவின் இணைப்பு முகவரி, தேதி, நேரம், எடுத்த போன், எல்லாம் மனுவில் இருக்கட்டும். பிரதியைக் கொடுத்தால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63(4) சான்றிதழ் வேண்டும். அதில் ஹாஷ் மதிப்பையும், அதாவது கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணையும், குறிக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் பிரிண்ட் மட்டும் நீதிமன்றத்தில் நிற்காது. சொன்ன வாக்கியத்தை அப்படியே எழுதுங்கள். "இழிவாகப் பேசினார்" என்று எழுதினால் அது உங்கள் கருத்து, சாட்சியம் ஆகாது. "பாருங்கள் அநியாயத்தை" என்று அந்தத் துண்டை நூறு குழுவுக்கு அனுப்பவும் வேண்டாம். பகிர்ந்தவரும் பொறுப்பாளி என்று 2023-இல் ஒரு முகநூல் பகிர்வு வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

காவல் துறைக்கும் வழி இருக்கிறது. மூன்று ஆண்டோ அதற்கு மேலோ, ஆனால் ஏழு ஆண்டுக்குக் குறைவாகத் தண்டனை உள்ள குற்றங்களில், டி.எஸ்.பி. அனுமதியோடு 14 நாளுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 173(3). பேச்சு சம்பந்தமான புகார்களில் அதைச் செய்வதே பொருத்தம் என்று 2025 மார்ச்சில் இம்ரான் பிரதாப்கடி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 196-க்கும் 299-க்கும் நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள அரசின் முன் அனுமதியும் கட்டாயம், அதே சட்டத்தின் பிரிவு 217. கூட்டம் கூடி ஸ்டேஷனை முற்றுகையிட்டதால் முதல் தகவல் அறிக்கை போட்டு, அனுமதி வாங்காமல் கிடக்கும் வழக்கு யாருக்கும் நீதி தராது. பேசியவர் ஊரில் வீரராகிறார், அவ்வளவுதான்.

அதே சமயம், அடிக்கச் சொன்னவர் மேல் புகாருக்குக் காத்திருக்கவும் கூடாது. எந்த மதத்தவர் என்று பார்க்காமல் தாமாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டிருக்கிறது. மண்டைக்காட்டில் 1982-இல் இந்து-கிறிஸ்தவ மோதலில் என்ன நடந்தது என்று தெரிந்த ஊர் இது.

வரும் மாசிக்கு முன் சமாதானக் கூட்டம் போடும்போது, ஊர்வலப் பாதையோடும் மைக் நேரத்தோடும் நிறுத்திவிடாதீர்கள். கோயில் கமிட்டி, பங்குப் பேரவை, ஜமாஅத் மூன்றும், வெளியூரிலிருந்து அழைத்து வரும் பேச்சாளரிடம் மேடை ஏறும் முன் இந்த எல்லையைச் சொல்லட்டும். பேச்சை முழுசாகப் பதிவு செய்து அமைப்பாளர் கையில் வைத்திருக்கட்டும். துண்டு வீடியோ வந்த அன்று, முழுசை அடுத்த தரப்புக்குக் கொடுக்க ஆளும் போன் நம்பரும் முன்னமே முடிவாகியிருக்கட்டும்.